கால் மரப்பு சரியாகிவிட்டது, பிறகு எதற்கு ஊசி?

திருச்சியிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய வலது கண் ஒரே வாரத்தில் மங்கியது. கண்ணை அசைத்தால் வலி. சிவப்புப் புடவை வெளுத்துத் தெரிந்ததாம். கண் நரம்பில் வீக்கம் என்று ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். பார்வை திரும்பியது, அவரும் மறந்துவிட்டார். இந்த வருடம் பாதத்தில் தொடங்கிய மரப்பு இடுப்பு வரை ஏறியது. வயிற்றைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்கிய மாதிரி இருந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நாலடி நடந்திருக்கிறார். எம்ஆர்ஐ எடுத்து, முதுகில் ஊசி போட்டு நீரும் எடுத்துப் பார்த்ததில் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (சுருக்கமாக எம்எஸ்) என்று முடிவாகியிருக்கிறது. மறுபடி டிரிப், மறுபடி குணம். இப்போது விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மரப்பு மிச்சம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிடக்சிமாப் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மருந்துப் பெட்டியோடு வந்த தாளில் புற்றுநோய் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். 'நல்லாத்தானே நடக்கிறாய், கல்யாணமாகிக் குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது அம்மாவின் கட்சி. ஒரு வரன் வந்திருக்கிறது, தை மாதம் நிச்சயம் செய்யலாம் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்கிறார் மாமா. இதற்கிடையே, பதினைந்து வருடத்தில் பாதிப் பேருக்குக் கைத்தடி என்று இணையத்தில் படித்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. வேலை என்னவாகும், குழந்தைக்கும் வருமா, 22 வயதுத் தங்கைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. ஆனால் பெரும்பாலானவை ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை: உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு? அதை முதலில் பேசிவிடுவோம்.

ஒன்பது தழும்பு, இரண்டு தொந்தரவு

இந்த நோயில் நம்முடைய எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றுக்குள் புகுந்து, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்ற உறையை அரிக்கிறது. தாக்குதல் தணிந்ததும் வீக்கம் வடிகிறது. உறை ஓரளவு மறுபடி வளர்கிறது. மீதியை மூளை வேறு பாதை வழியாகச் சமாளித்துக்கொள்கிறது. உங்கள் பார்வை திரும்பியதும் நடை திரும்பியதும் இப்படித்தான்.

நீங்கள் இணைத்திருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். மூளையில் ஒன்பது தழும்புகள், கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்று என்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்து வந்த தொந்தரவு இரண்டே இரண்டு. மூளையில் இருக்கும் ஒன்பதும் எப்போது வந்தன? அலுவலகம் போய்வந்து, பண்டிகை கொண்டாடி, 'நன்றாக இருக்கிறேன்' என்று நீங்கள் நினைத்திருந்த அந்த இரண்டு வருடத்திலோ, அதற்கும் முன்போ வந்தவை. அதிலும் ஒன்று, ஸ்கேனுக்காக ஊசியில் சாய மருந்து ஏற்றியபின் வெள்ளையாகத் தெரிந்தது என்று ரேடியாலஜிஸ்ட் குறித்திருக்கிறார். ஸ்கேன் எடுத்த சமயத்தில் அது புதிதாக அழன்றுகொண்டிருந்தது என்று அர்த்தம். உங்களுக்கு அது எந்த அறிகுறியும் காட்டவில்லை.

ஒவ்வொரு தாக்குதலிலும் உறையோடு சேர்த்துச் சில நரம்பிழைகளும் அறுந்துபோகின்றன. இளம் வயதில் மூளையின் கையிருப்பு அதிகம் என்பதால் வெளியே தெரிவதில்லை. கையிருப்பு குறையும் காலத்தில்தான் நடை மெல்லத் தளர ஆரம்பிக்கும், அந்தக் கட்டத்தில் எங்கள் மருந்துகளுக்கு வேலை கொஞ்சம்தான். அவை நன்றாக வேலை செய்வது உங்களைப் போல நன்றாக நடக்கிறவர்களிடம். ஆகவே அம்மா சொல்லும் 'அப்புறம்' தவறான இடத்தில் விழுகிறது.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. அது தாக்குதல் சீக்கிரம் தணிய உதவும். அடுத்த தாக்குதலைத் தடுக்காது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை மரப்பு வரும்போதெல்லாம் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். கண் நரம்பு அழற்சிக்கு வழக்கமான அளவில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி வருவது கூடுகிறது என்று 1992ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் டிரிப்பாக, பெரிய அளவில், மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுகிறோம்.

கைத்தடிக் கணக்கு எங்கிருந்து வந்தது

நீங்கள் படித்த பதினைந்து வருடக் கணக்கு பொய்யில்லை, ஆனால் பழசு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 1989ல் வெளியிட்டதுதான் அது. நோயின் போக்கை மாற்றும் மருந்து ஒன்றுகூட இல்லாத காலம்.

நான் நரம்பியலுக்குள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். எம்ஆர்ஐ என்றால் சென்னைக்கு அனுப்ப வேண்டும். முகம் கழுவக் கண்ணை மூடினால் வாஷ்பேசின் மேலேயே சாய்கிறேன் என்று நோயாளி சொன்னால், டியூனிங் ஃபோர்க்கைக் கால் கட்டை விரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்து, மிச்சத்தைக் கதை கேட்டே ஊகிப்போம். கண்டுபிடித்தபின் கொடுப்பதற்கு ஸ்டீராய்டும் ஆறுதலும் இருந்தன. பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக வகைப்படுத்திச் சொன்னது 1868ல். அதன் போக்கைக் கொஞ்சமாவது மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரானுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993ல். நடுவில் 125 வருடம்.

இன்டர்ஃபெரான் நம் ஊருக்கு வந்தபின் நடந்ததையும் பார்த்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. போட்ட ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும். குளிர்ச்சி குறையக் கூடாது என்று தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு ஊருக்குப் போவார்கள். விலையோ நிலத்தை விற்க வைக்கும் விலை. பாதிப் பேர் ஒரு வருடத்தில் விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. பிறகு 2010ல் முதல் மாத்திரை, 2017ல் ஆக்ரலிசுமாப் என்ற டிரிப் மருந்து என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்று என் அறைக்குள் நடந்து வந்து உட்காரும் இளைஞர்கள் பலரைப் பார்த்து, இவருக்கு எம்எஸ் என்று வெளியாள் சொல்லவே முடியாது. முப்பது வருடத்துக்கு முன்பு இதே வியாதியோடு என் வார்டில் படுத்திருந்தவர்களை எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவு சொன்னாலும், உங்களுக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் எழுதித் தர மாட்டேன். மருந்து எடுத்தும் சிலருக்கு நடை தளர்கிறது. தளராமல் இருப்பவர்கள் முன்பைவிட மிக அதிகம், அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடிந்தது. சிகரெட் புகைப்பவர்களுக்குத் தளர்வது வேகமாக நடக்கிறது. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, சந்தோஷம்.

'இது கேன்சர் மருந்து ஆச்சே'

ரிடக்சிமாப் 1997ல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற மருந்துதான். எதிர்ப்பு சக்தியில் பி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அதை மட்டும் குறிபார்த்துக் குறைக்கிறது. லிம்ஃபோமாவில் பி செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. எம்எஸ்ஸில் தாக்குதலைத் தூண்டிவிடுகிறது. ஆள் ஒருவரே என்பதால் மருந்தும் ஒன்றே. முடி கொட்டும் கீமோதெரபி வகை இதுவல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

தாளில் எம்எஸ் என்று இல்லாதது உண்மை. இந்த நோய்க்கென முறைப்படி பதிவாகாமலேயே புழங்குகிற மருந்து இது. ஸ்வீடனில் பல வருடமாக இதைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். அங்கே நடந்து 2022ல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் மறுபடி தாக்குதல் வந்தவர்கள் ரிடக்சிமாப் எடுத்தவர்களில் நூற்றுக்கு 3 பேர், எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் டைமெதில் ஃப்யூமரேட் என்ற மாத்திரை எடுத்தவர்களில் 16 பேர். 2023ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்எஸ்ஸுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்தது. அதில் இதுவும் ஒன்று. இந்தியாவிலேயே 2007 முதல் உள்நாட்டுத் தயாரிப்பு கிடைக்கிறது என்பதால், ஆக்ரலிசுமாபுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது மட்டமான யோசனை இல்லை. நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அபாயம் இல்லாமலும் இல்லை. முதல்முறை ஏற்றும்போது தொண்டை அரிப்பு, நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே பாராசிட்டமாலும் அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்து, மெதுவாக, பல மணி நேரம் எடுத்து ஏற்றுகிறார்கள். நீண்ட காலத்தில் கவலை, தொற்று. ஹெபடைடிஸ் பி உடம்பில் பதுங்கியிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிட்டுக் கல்லீரலைக் கெடுத்துவிடும். காசநோய் நம் ஊரில் சொல்ல வேண்டியதே இல்லை. இரண்டுக்கும் பரிசோதனை செய்யாமல் மருந்து ஏற்றும் நாற்காலியில் உட்காராதீர்கள். போட வேண்டிய தடுப்பூசிகளை முன்பே போட்டுவிடுவது நல்லது. அம்மை வகை உயிருள்ள தடுப்பூசிகளை மருந்து தொடங்கியபின் போடவே கூடாது.

உங்கள் ஃபைலில் ஒரு பரிசோதனையை மட்டும் காணவில்லை: அக்வாபொரின்-4, மாக் என்ற இரண்டு ஆன்டிபாடிகளுக்கான ரத்தப் பரிசோதனை. எம்எஸ் போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறு நோய்கள் உண்டு, நம் பக்கத்தில் அவை அவ்வளவு அபூர்வமும் அல்ல. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை அக்வாபொரின் வகை நோயை மோசமாக்கும். உங்களுக்குத் தண்டுவடத் தழும்பு சிறியது, முதுகு நீரில் எம்எஸ்ஸில் வழக்கமாகத் தெரியும் ஆலிகோகுளோனல் பட்டைகளும் இருக்கின்றன என்பதால் எம்எஸ் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இருந்தாலும் ஆயுள் முழுக்கப் பேசப்போகிற ஒரு பெயருக்கு இந்த ஒரு பரிசோதனை அதிகப்படி அல்ல. செய்தாயிற்றா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய 'வேரோடு குணப்படுத்தும்' வீடியோ பற்றி: தானாகவே தணிந்து தணிந்து வருகிற நோய்க்கு எதைக் கொடுத்தாலும் முதல் ஆறு மாதம் பலித்த மாதிரிதான் இருக்கும்.

குழந்தை

எம்எஸ் உள்ள பெண் குழந்தை பெறக் கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 1998ல் ஐரோப்பாவில் வந்த பெரிய ஆய்வு அந்தப் பேச்சை மாற்றியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல் வெகுவாகக் குறைகிறது, பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் கூடுகிறது என்று அதில் தெளிவானது. ஆகவே கவனிக்க வேண்டியது பிரசவத்துக்குப் பிந்தைய அந்த மாதங்களை. எந்த மருந்தை எப்போது மறுபடி தொடங்குவது என்பதைக் கர்ப்பத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சுகப்பிரசவமா ஆபரேஷனா என்பதை எம்எஸ் தீர்மானிக்காது. முதுகில் மயக்க ஊசி போடுவதற்கும் தடை இல்லை.

நீங்கள் கேட்காத ஒரு நல்ல செய்தியும் உண்டு. ரிடக்சிமாப் ரத்தத்திலிருந்து போனபின்பும், பி செல்கள் திரும்பி வளரப் பல மாதம் ஆகும். அந்த இடைவெளியில் கர்ப்பம் தரித்துக்கொள்ள முடிகிறது. நோயும் அடங்கியிருக்கும், மருந்தும் உடம்பில் இருக்காது. தாளில் 12 மாதம் இடைவெளி என்று போட்டிருக்கும். எம்எஸ் பார்க்கும் மருத்துவர்கள் பலர் அதைவிடக் குறைந்த இடைவெளிக்கே சம்மதிக்கிறார்கள். நாளைக் குறிக்கும்போது உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து குறியுங்கள். மாறாக, டெரிஃப்ளூனமைடு என்ற மாத்திரையை யாராவது 'ஊசியை விட இது சுலபம்' என்று எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கருவுக்கு ஆகாது, நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக இரண்டு வருடம்கூட ஆகலாம். ஃபிங்கோலிமோடும் இந்த வயதில் உங்களுக்கு ஏற்றதல்ல. கர்ப்பத்துக்காக அதை நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு வரலாம்.

குழந்தைக்கு வருமா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வரலாம் என்பது மேலைநாட்டுக் கணக்கு. வராத தொண்ணூற்றேழு பேரையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில்

இதில் மாமா சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒழுக்கப் பாடம் நடத்த எனக்கு ஆசை இல்லை, காரியமாகப் பார்த்தாலே அது நடக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொள்ளும் பெண், எந்த வீட்டில் அதை மறைத்து வாழ முடியும்? மறைக்க நினைத்தவர்கள் செய்தது ஒன்றுதான்: மருந்தை விட்டார்கள். கல்யாணமாகி எட்டாவது மாதம் இரண்டு காலும் விழுந்தபின் ஸ்ட்ரெச்சரில் வந்த பெண்ணையும், 'எங்களிடம் ஏன் சொல்லவில்லை' என்று வராந்தாவில் கத்திய மாமியாரையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் கத்தியதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டமும் இருக்கிறது. நான் வக்கீல் அல்ல, ஆனால் இந்த விவகாரத்தில் அடிக்கடி கேள்விப்பட்டுத் தெரிந்துகொண்டது: இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக் காரணங்களின் பட்டியலில் எம்எஸ் இல்லை. அதே சட்டத்தின் 12வது பிரிவோ, முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், அது தெரியவந்த ஒரு வருடத்துக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. மறைப்பதால்தான் உங்கள் பக்கம் பலவீனமாகிறது.

எப்படிச் சொல்வது என்று கேட்டால், தரகர் வழியாகவும் வேண்டாம், மாமா வழியாகவும் வேண்டாம். நிச்சயத்துக்கு முன்பு நீங்களே அந்தப் பையனிடம் நேராகச் சொல்லுங்கள். நோயின் பெயர், இதுவரை வந்தது, எடுக்கும் மருந்து, இவ்வளவு போதும். இணையத்தில் தேட வேண்டாம், என் டாக்டரிடம் வந்து கேளுங்கள் என்று கூப்பிடுங்கள். இப்படி என் அறைக்கு வந்து உட்கார்ந்த பையன்கள் உண்டு. ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து கேட்டார். அதில் முதல் கேள்வி, 'ஸ்கூட்டி ஓட்டலாமா சார்?' சிலர் வரவே இல்லை. வராதவர் கல்யாணத்துக்குப் பின் விட்டுப் போவதைவிட முன்பே போவது மேல் என்று உங்கள் அம்மாவுக்குச் சொல்வேன். அது அந்த நேரத்தில் வலிக்கும் என்பதும் தெரியும்.

நீங்கள் ஒரே வரியில் விட்டுப்போனது

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: 'கவுண்டரில் உட்கார்ந்தால் நடுவில் எழுந்து போக முடியாது, வந்தால் அடக்கவும் முடிவதில்லை, அதனால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை.' எனக்கு உங்கள் ஸ்கேனைவிட இந்த வரிதான் கண்ணில் பட்டது. சிறுநீர் அவசரம் தண்டுவடத் தழும்பின் வேலை. வெட்கப்பட்டுக்கொண்டு பெண்கள் யாரும் இதைத் தானாகச் சொல்வதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. தண்ணீரைக் குறைத்தால் அவசரம் குறையாது, சிறுநீர்த் தொற்று வரும். தொற்றோடு காய்ச்சல் வந்தால் பழைய மரப்பும் பழைய கண் மங்கலும் திரும்பி எட்டிப் பார்க்கும். அதைப் புதிய தாக்குதல் என்று நினைத்து டிரிப் ஏற்றுவார்கள். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு அல்ட்ராசவுண்டு பார்த்துவிட்டு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இதே கணக்குதான் வெயிலுக்கும். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தால் வலது கண் மங்குகிறது, ஃபேன் அடியில் உட்கார்ந்தால் தெளிகிறது என்கிறீர்கள். உடம்புச் சூடு ஏறினால் உறை போன நரம்பு சரியாகக் கடத்தாது. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890ல் எழுதி வைத்தது இது. புதிய சேதம் ஏதும் இல்லை. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிதாக ஒன்று வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மட்டும் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். உடற்பயிற்சியை விடாதீர்கள், காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள்.

வேலை

ராஜினாமா பற்றி யோசிக்கவே வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் பெயரிட்டே சொல்லப்பட்டிருக்கிறது. அதன் 20வது பிரிவின்படி, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வெளியேற்றவோ பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். பொதுத்துறை வங்கிக்கும் இது பொருந்தும். இன்றைக்கு உங்களுக்கு 40 சதவீத மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்காது, கிடைக்கிற நிலைமை இல்லை என்பது நல்லதுதான். மேலாளரிடம் இப்போதே சொல்வதா என்பது உங்கள் இஷ்டம். கழிப்பறைக்கு அருகில் ஒரு இருக்கையும், மருந்து ஏற்றும் நாளுக்கு விடுப்பும் வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த நோயோடு வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் இந்திய மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. அம்மாவையும் கூட்டிப் போங்கள். நான் இரண்டாயிரம் வார்த்தையில் சொல்வதை, அங்கே பத்து வருடமாக மருந்து எடுத்துக்கொண்டு பையனை ஸ்கூலில் விட்டுவிட்டு வருகிற ஒரு பெண் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

தங்கைக்கு ஸ்கேன் வேண்டாம். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்கிறீர்கள். உடன்பிறந்தவர் என்பதால் மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனாலும் குறைவுதான். எம்ஆர்ஐயில் எங்கேயாவது ஒரு அற்பப் புள்ளி தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் இன்னொருவருக்கும் தூக்கம் போகும். பார்வை மங்கினாலோ, மரப்பு ஒரு நாளுக்கு மேல் நின்றாலோ அழைத்து வாருங்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனைகள்: ஹெபடைடிஸ் பி, காசநோய், இம்யூனோகுளோபுலின் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதம்) அளவு, அந்த இரண்டு ஆன்டிபாடிகள். முடிவுகள் வந்ததும் முதல் டோஸுக்கு நாள் வாங்கிவிடுங்கள். தை மாதத்துக்கு முன்பே அது முடிந்துவிட்டால் நல்லது.

அன்புடன்,
உங்கள் நரம்பியல் மருத்துவர்